மானாப்புல்லில் நிறுத்திய கார்

புகையைச் சுத்தம் செய்ய காரின் அடியில் ஒரு பெட்டி இருக்கிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். எங்கள் மாடு போனது அந்தப் பெட்டியால்தான்.

எண்பதுகளின் தொடக்கம். பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். வேலை முடிந்ததும் அப்பா எங்கள் சினை மாட்டை ரோட்டோரச் சரிவுக்கு மேய்க்க ஓட்டிப்போவார். வெயில் காலத்தில் அங்கே மானாப்புல் காய்ந்து சருகாகக் கிடக்கும். எப்போது தீப்பிடித்தாலும், புதுப்புல் முளைக்கட்டும் என்று மாட்டுக்காரன்தான் வைத்தான் என்பார்கள். வைத்தவர்களும் உண்டு. அப்பா வைத்ததில்லை.

அன்று நடந்ததை அப்பா வீட்டில் சொன்னார். தோட்டத்தை நடத்திய துரையின் மைத்துனர் கொழும்பிலிருந்து ஜப்பான் கார் ஒன்றில் வந்திருந்தார். ஏற்றத்தில் திணறித் திணறி வந்த காரைப் புல்லுக்குள் இறக்கி, எஞ்சினை அணைக்காமலே மலையை வேடிக்கை பார்த்தார். அடியில் புகை கிளம்பியதும் காரை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார். அப்பா பச்சைக் கிளையை ஒடித்து நெருப்பை அடித்தார். அப்படியும் ஒரு துண்டு நிலத்துத் தேயிலைச் செடிகள் கருகிப்போயின.

அவருடைய வெந்த கைகளே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டன. "நிக்கிற கார்ல எப்புடிய்யா தீப்பிடிக்கும்?" என்று துரை கேட்டாராம். கணக்கப்பிள்ளை அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "குத்தத்த ஒத்துக்கிட்டு, மாட்ட வித்து நட்டத்தக் கட்டிரு. இல்லாட்டி குடியிருக்கிற காம்பராவ விட்டு எறக்கிருவாரு" என்றார். அப்பா துரையிடம் போய், "நான்தாங்க வச்சேன்" என்றார். மாடு போன அன்று அம்மா உலை வைக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து பதுளையில் ஒரு கராஜில் சேர்ந்தேன். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சியடிக்கும் ஜப்பான் கார் ஒன்று அதே போலத் திணறிக்கொண்டு வந்தது. எஞ்சின் ஓடும்போதே குனிந்து பார்த்தேன். அடியில் பெட்டி அடுப்புக் கங்கு போலச் சிவந்திருந்தது. "எஞ்சின் மிஸ் ஆனா எரியாத பெட்ரோல் இதுக்குள்ள போய் எரியும். நம்ம ஊரு பெட்ரோலும் இதுக்கு ஆகாது, அடைச்சுக்கும்" என்ற முதலாளி அதை வெட்டியெடுத்துவிட்டு வெறும் குழாயைப் போடச் சொன்னார். இவ்வளவுதான் விஷயம். இது தெரியாமல்தான் என் அப்பனைப் பொய்யன் ஆக்கினார்கள்.

அன்றே பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். "அப்பா, நீங்க சொன்னதுதான் நெசம். கார்தான் பத்த வச்சிருக்கு. தொரைகிட்ட போய்ச் சொல்லுவோம், வாங்க" என்றேன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இல்ல தம்பி, நான்தான் வச்சேன்."

"நீங்கதானப்பா அன்னைக்கு..."

"நான் வச்சதாவே இருக்கட்டும். இல்லேன்னா செய்யாத குத்தத்துக்கு செனை மாட்ட எதுக்கு வித்தேன்னு ஒங்கம்மாளுக்கு நான் என்னத்தச் சொல்ல?"