வெள்ளிக்கிழமைப் பாடம்

விருப்பப் பாடத்தை மாற்றுவதற்கான கடைசித் தேதி முடிந்துவிட்டது என்று ஒரு மாணவியிடம் நான் பொய் சொன்னேன். தேதி முடிய இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. அந்தப் பொய்யால் அவள் பட்டப்படிப்பு ஒரே ஒரு பாடத்தில் நின்றுபோனது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் காரணங்களை அடுக்கத் தொடங்கிவிடுவேன்.

போடிநாயக்கனூரில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்தேன். எங்கள் துறை மாணவர்கள் ஆறு செமஸ்டரில் எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பும் என்னுடையது. மூன்றாம் ஆண்டில் விருப்பப் பாடங்கள் இரண்டு. ஐந்தாம் செமஸ்டரில் ஒன்று, ஆறாம் செமஸ்டரில் ஒன்று. ஏதாவது ஒன்றை முடித்தால் போதும். ஐந்தாவதில் இருந்தது நானே உருவாக்கிய பாடம். மலைப்பாதைகளும் அவற்றின் வழி நடந்த வணிகமும் பற்றியது. பதினைந்து பேர் சேராவிட்டால் அந்த வருடம் அதை நடத்த மாட்டார்கள்.

அந்தப் பெண் தன் திட்டத்தை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். அவள் அம்மா போடிமெட்டுக்கு அப்பால் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுப்பவர். இடுப்பு வலியால் வாரம் முழுக்கப் போக முடியவில்லை. காய் எடுக்கும் காலத்தில், ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பில் ஓர் இடம் இரண்டு நாள் காலியாக இருந்தால் மூன்றாம் நாள் அது வேறொருவருக்குப் போய்விடும். அந்த இடத்தை இழந்தால் அந்தப் பருவத்து வேலையே போனது போல. அதனால் வெள்ளியும் சனியும் அம்மாவுக்குப் பதிலாக இவள் மலையேறினாள். சனிக்கிழமை கல்லூரி கிடையாது. வாரத்தில் வெள்ளி ஒருநாள்தான் போகும். மற்றப் பாடங்களில் வருகை எப்படித் தேறும் என்று நாள் நாளாகக் கணக்கிட்டிருந்தாள். அவ்வளவு தெளிவான திட்டத்தை நான்கூட யாருக்கும் போட்டுத் தந்ததில்லை.

"ஒங்க பாடம் மூணு மணி நேரமும் வெள்ளிக்கெழமை வருது சார். எனக்கு ஆறாவதுல உள்ளதப் போட்ருங்க. தை பொறந்தா காட்டுச் சோலி கொறைஞ்சிரும்" என்றாள்.

பார்க்கலாம் என்றேன். என்னிடம் பதினான்கு பெயர்கள் இருந்தன. பதினைந்தாவதாக அவள் பெயரை எழுதினேன்.

பட்டியல் ஒட்டிய பிறகு அவள் மறுபடி வந்தாள். அப்போதுதான் தேதி முடிந்துவிட்டது என்றேன். "சரிங்க சார்" என்று போய்விட்டாள். அந்தப் பாடம் நடக்காமல் போனால் முதலாண்டு மாணவர்களுக்குப் பொதுத்தாள் எடுக்க என்னை அனுப்புவார்கள். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கையில் அதை ஓர் அவமானமாக நினைத்தேன். காரணம் இவ்வளவுதான்.

அவள் ஒரு வெள்ளிக்கிழமையும் வரவில்லை. மலைப்பாதை பற்றி நான் பேசிய நேரத்தில் அவள் மலைமேல் இருந்தாள். வருகை இல்லாததால் தேர்வு எழுத விடவில்லை. ஒருமுறை பதிந்த பாடத்தை மாற்ற முடியாது, அதையே முடிக்க வேண்டும் என்பது விதி. அடுத்த வருடம் அதே பாடம் அதே வெள்ளிக்கிழமையில்தான் வந்தது. அதன்பின் நான் ஓய்வுபெற்றேன். நடத்த ஆளில்லை என்று பாடத்தையும் நீக்கிவிட்டார்கள்.

சில வருடங்கள் கழித்து, ஒரு விடிகாலை நடைப்பயிற்சியில் ஜீப்புகள் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போனேன். தூக்குவாளியும் பிளாஸ்டிக் கூடையுமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய் ஒத்தப் பேப்பரு, வெரசா ஏறுடி. கலெக்டரு ஆபீசுக்கா போற, இம்புட்டு நேரமா தலையச் சீவிக்கிட்டு" என்றார் முன்சீட்டில் இருந்த அம்மாள்.

"நீ நகந்தாத்தான ஏற முடியும்? ஆத்தா, ஜீப்புல பாதி நீதான இருக்க" என்று பதில் சொன்ன குரல் எனக்குத் தெரிந்தது. திரும்பியவள் என்னைப் பார்த்து, "வணக்கம் சார்" என்றாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஜீப் கிளம்பியது.

ஊரே அவளை அந்த ஒரு பாடத்தின் பெயரால் கூப்பிடுகிறது என்பது அன்றுதான் தெரிந்தது. மறுநாள் கல்லூரிக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். நீக்கிய பாடத்துக்கு ஈடாக வேறு பாடம் தர விதியில் இடம் உண்டு. அதைக் கேட்கலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

முதல்வர் என்னிடம் முன்பு படித்தவர். கடிதத்தைப் படித்துவிட்டு, நான் பொய் சொன்னதாக எழுதியிருந்த வரியின்மேல் விரலை வைத்தார். "சார், குடும்பச் சூழ்நிலைன்னு போட்டாலே போதும். இந்த வரி எதுக்கு?"

"நடந்தது அதுதான்" என்றேன்.

ஒரு மாதத்தில் அனுமதி வந்தது. ஆறாம் செமஸ்டர் விருப்பப் பாடத்தை, காய் எடுப்பு ஓய்ந்த மாதங்களில், வகுப்புக்கு வந்து அவள் முடிக்கலாம். உத்தரவை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா நாற்காலி போட்டார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். பிறகு, "தெரியும் சார்" என்றாள். "ஆபீசு வாசல்ல தேதி ஒட்டியிருந்துச்சு. ஒங்களப் பாத்துட்டுப் போறப்பதான் பாத்தேன்."

"ஏம்மா அப்பவே கேட்கல?"

"நீங்க பொய் சொல்றீகன்னு ஒங்ககிட்ட வந்து எப்பிடிச் சார் சொல்றது?"

அவள் அம்மா குறுக்கிட்டார். "அவ தங்கச்சிய நான் காலேசுக்கே அனுப்பல சார். மூத்தவ படிச்சும் முடிக்க முடியலையே, இவளையும் எதுக்கு அலைய விடணும்னு நிறுத்திட்டேன். போன வருசம் கட்டிக் குடுத்தாச்சு." குற்றம் சாட்டும் குரலில் அவர் இதைச் சொல்லவில்லை. காப்பி போடட்டுமா என்றுதான் அடுத்துக் கேட்டார். அந்தத் தங்கையைப் பற்றி எனக்கு அதுவரை எதுவும் தெரியாது. அவளுக்காக எழுதிக் கொடுக்க என்னிடம் எந்தக் கடிதமும் இல்லை.

மூத்தவள் வகுப்புக்குப் போனாள், தன்னைவிடச் சிறியவர்களோடு உட்கார்ந்து படித்தாள். தேறினாள். கல்லூரி உதவியாளர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பி.எட். சேர விண்ணப்பிக்கிறாள், கற்பித்த ஆசிரியர் ஒருவரின் கடிதம் வேண்டுமாம் என்றும் அவர் சொன்னார். அன்றே ஒரு கடிதம் எழுதி, அவளுக்குப் போன் செய்தேன்.

"வேண்டாம் சார். ஆறாவது செமஸ்டர் மேடம் குடுத்துட்டாக" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். போனை வைத்துவிட்டு, எழுதிய கடிதத்தை மடித்து எடுத்து வைத்தேன்.