துரை வீட்டுக்கு முதல் கால்

போன ஜனவரி முதல் தேதி, பொழுது விடிகிற நேரம். ஒரு கையில் கரித்துண்டு, இன்னொரு கையில் ரொட்டி, சட்டைப் பையில் ஒரு பிடி உப்பு. எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரை பங்களா வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

பைத்தியமா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் என்னைக் கேட்டுக்கொண்டேன்...

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுப்பதும் என் வேலை. வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் தாயத்து, மந்திரம், பேயோட்டுகிறவர் எல்லாரையும் ஒரு பிடி பிடிப்பது என் பொழுதுபோக்கு. அப்படிப்பட்ட ஆள் கரித்துண்டோடு நின்ற கதையை மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன். தோட்டம் முழுக்கத் தெரிந்துபோய்விட்டது. உங்களிடம் மட்டும் மறைத்து என்ன பயன்?

ஈப்போவைச் சுற்றி வருஷம் எத்தனை தடவை பிறக்கிறது, பாருங்கள்! வெள்ளைக்காரருக்கு ஒன்று, சீனருக்கு ஒன்று, மலாய்க்காரருக்கு ஒன்று, நமக்குச் சித்திரையில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூத்து. சீனர்கள் புது வருஷத்தன்று துடைப்பத்தைத் தொடமாட்டார்கள், அதிர்ஷ்டம் குப்பையோடு வெளியே போய்விடுமாம். நாமோ போகியன்று கூட்டியதோடு நிற்காமல் கொளுத்தியும் விடுகிறோம். யாருடைய அதிர்ஷ்டம் எந்த வழியாகப் போகிறதோ!

எங்கள் துரை ஸ்காட்லாந்துக்காரர். ஜெர்மன் சண்டைக்குப் போய் ஒரு காதின் கேட்கும் சக்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். அவர்கள் ஊர்க் கூத்து இது: வருஷம் பிறந்ததும் வீட்டுக்குள் முதலில் கால் வைக்கிறவன் கறுத்த ஆளாக இருக்க வேண்டும். வெறுங்கையோடு வரக்கூடாது. கரி, ரொட்டி, உப்பு கொண்டுவர வேண்டும். கதவை மூன்று தட்டு தட்ட வேண்டும். அவன் வந்துவிட்டால் அந்த வருஷம் வீட்டுக்குக் கெடுதல் இல்லை. அவர்கள் ஊரில் நடுராத்திரியில் செய்வார்களாம். இங்கே பெரட்டு மணி அடித்து ஆட்கள் வேலைக்குக் கூடுவதற்கு முன்னால் முடித்துக்கொள்வார்.

கறுத்த ஆளுக்கா நம்மிடம் பஞ்சம்? பால்வெட்டும் முனியனைத் துரை பிடித்துக்கொண்டார். ஆறடி உயரம், நல்ல கறுப்பு. மூன்று வருஷமாக அவன்தான் முதல் கால்.

கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் இது யாருக்கும் புரியாமல் இல்லை. புது வீட்டுக்குள் நாமும் முதலில் மாட்டைத்தானே விடுகிறோம்? ஆனால் அவர்கள் கணக்கு வேறு. அந்த வீட்டுக் கெடுதல் எங்கேயாவது போக வேண்டுமே... முதலில் மிதித்தவன் காலோடு அது அவன் வீட்டுக்கு வந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். நான் சிரித்தேன். போன மாசியில் முனியனின் மூத்த குழந்தை காய்ச்சலில் போகும்வரை சிரித்தேன். அது என் கையில்தான் போயிற்று. 

இந்த மார்கழியில் பங்களாக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து வயதுப் பிள்ளை. மழையில் ஆற்றுப்பாலம் முங்கிக் கிடந்ததால் பத்து காஜா ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மோட்டாரில் கொண்டுபோக வழியில்லை. நானும் என் கொயினாவும்தான். ஐந்து நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. வருஷக் கடைசி நாளன்று துரையின் மனைவி, துரைசாணி, என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“முனியன் நாளைக்கு வருவான் அல்லவா?”

மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? வருவான் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் லயத்துக்குப் போனேன். முனியன் வாசலில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி பாக்கியம் மூன்று மாதக் கைக்குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு கதவை மறித்து நின்றாள்.

“அவரு போவ மாட்டாரு ஐயா. ஒண்ணக் குடுத்தாச்சு. இதையும் குடுக்கச் சொல்றீங்களா?”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? அது மலேரியாக் காய்ச்சல். கொசுவால வர்றது.”

“கொசு எங்க வீட்டுக்கு மட்டுந்தான் வழி தெரிஞ்சு வந்துச்சா? இந்த மார்கழி வரைக்கும் பங்களாப் புள்ளைக்கு ஒரு தும்மலு உண்டா? சொல்லுங்க!”

 அவள் சொன்னது உண்மை.

முனியன் தலையைத் தூக்காமலே பேசினான்.

“ஐயா, போன வருசம் நான் ரெண்டு தட்டுத்தான் தட்டுனேன். மூணாவது தட்டு உள்ள இருந்து வந்துச்சு.”

“துரை தட்டியிருப்பார்.”

“தொர அப்ப மாடி சன்னல்ல நின்னு என்னியப் பாத்துக்கிட்டு இருந்தாரு ஐயா.”

 மரப்பலகை, மழை ஈரம், எதிரொலி என்று ஏதோ சொன்னேன். எனக்கே அது எடுபடவில்லை. பிறகு வீறாப்பாக ஒரு வார்த்தை விட்டேன்.

“சரி, நீ போக வேண்டாம். நான் போறேன். நானும் ஒண்ணும் செவப்பு இல்லையே!”

பாக்கியம் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒங்க வீட்லயும் சின்னப் புள்ள இருக்கு ஐயா.”

எனக்கு நான்கு வயதில் ஒரு மகள். இருக்கட்டும், நான் படித்தவன், எனக்கு ஒன்றும் வராது என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. படித்தவனுக்கு ஒன்றும் வராது என்றால் ஏன் சொல்லவில்லை? அதை அப்போது யோசிக்கவில்லை.

இப்படித்தான் வாசலில் வந்து நின்றேன்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே பனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பங்களா நாய் படிக்கட்டுக்குக் கீழே படுத்திருந்தது. என்னைக் கண்டால் குரைக்கிற நாய், அன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போய்விட்டது.

ஒரு தட்டு தட்டினேன். இரண்டாவது தட்டினேன்.

மூன்றாவதற்குக் கையை ஓங்கியவன் அப்படியே நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன்? சோதித்துப் பார்க்கத்தான். முனியன் சொன்னது கட்டுக்கதை என்று இந்தப் பத்தியில் எழுதலாமே என்ற ஆசை!

ஒன்றுமில்லை. எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

டொக்.

பலகைக்கு அந்தப் பக்கம். என் இடுப்பு உயரத்தில். மெதுவாக, ஒரே ஒரு தட்டு.

குழந்தைதான் எழுந்து வந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். உடம்பெல்லாம் சந்தோஷம். “பாப்பா!” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் மாடிப்படியில் துரையின் பூட்ஸ் சத்தம், மேலிருந்து கீழே, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. தாழ்ப்பாள் விலகியது.

“டிரெசர்! நீ வர்றது? முனியன் எங்கே?”

“அவனுக்கு உடம்பு சரியில்லை துரை.”

“பரவாயில்லை. மூணு சத்தம் கேக்குது. நாங்க எல்லாம் மேலே இருக்குது. குழந்தை தூங்குது.”

அவருக்குப் பின்னால் கூடம் காலியாகக் கிடந்தது. சமையல்காரச் சீனன் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

உள்ளே கால் வைத்தேன். எந்தக் கால் என்று கேட்காதீர்கள், நினைவில்லை. கரியைப் போடக் குளிர் காயும் அடுப்பு இந்த வெக்கை ஊரில் ஏது? கரியைச் சமையலறை அடுப்பில் போட்டேன். துரை கண்ணாடிக் குவளையில் விஸ்கி ஊற்றித் தந்தார். அதுவும் சடங்காம். அளவைச் சொல்லமாட்டேன், என் மனைவி இந்தப் பத்தியைப் படிக்கிறவள்.

மாடிக்குப் போனேன். குழந்தைக்கு வேர்த்து ஊற்றியிருந்தது. நெற்றி ஜில்லென்று இருந்தது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

“எப்போது வேர்த்தது?” என்று கேட்டேன்.

“நீ கதவைத் தட்டினபோது” என்றாள் துரைசாணி. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கொயினா வேலை செய்ய ஐந்து நாள் பிடித்தது, அவ்வளவுதான் என்று அவளிடம் விளக்கினேன். மருத்துவப்படி அது சரியான விளக்கம். இப்போதும் அதையே சொல்வேன். ஒரு குழந்தை பிழைத்ததில் மனம் நிறைந்துதான் படி இறங்கினேன்.

பனி விலகி வெயில் எட்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரியை ஒட்டித்தான் என் குவார்ட்டர்ஸ். வேலி மூங்கிலைத் தள்ளி உள்ளே ஓரடி வைத்தேன். என்னைப் பார்த்ததும் என் மகள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு “அப்பா!” என்று ஓடி வந்தாள்.

“நில்லு! கிட்ட வராத!”

அது என் குரல்தானா? குழந்தை நின்ற இடத்திலேயே விறைத்துப்போனாள். உதடு பிதுங்கியது. மனைவி வாசலுக்கு ஓடி வந்து என்னைப் பார்த்தாள், என் கரி படிந்த கையைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் நகர்ந்து வேலிக்கு வெளியே போய் நின்றேன். என் வீட்டுக்குள் போக எனக்குப் பயம். மலேரியாவையும் கொசுவையும் பாடமாகப் படித்துத் தேறியவனுக்கு!

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பக்கத்தில் ஈரச் சேலை சரசரத்தது. பாக்கியம். இடுப்பில் ஒரு குடம், மேலே வேப்பிலை மிதந்தது. லயத்திலிருந்து அரை மைல் சுமந்து வந்திருக்கிறாள்.

“வெளியவே நிப்பீங்கன்னு தெரியும் ஐயா. குனியுங்க” என்றாள்.

குனிந்தேன். மஞ்சள் தண்ணீர் தலைவழியே சட்டைக்குள் இறங்கியது. குடம் காலியானதும் அவள் திரும்பி நடந்தாள்.

“ஒரு குடம் போதுமா?” என்று நான்தான் கேட்டேன்.