ஐந்நூறு கைகள்

சென்ற சனிக்கிழமை ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். நூலக அலுமாரியின் பூட்டுத் திறப்பு என்னிடம் இருப்பதால் எனக்கும் உட்கார ஒரு கதிரை உண்டு. ஆண்டு விழாவுக்கு மட்டன் ரோல்ஸா, மரக்கறி ரோல்ஸா என்று முக்கால் மணி நேரம் வாக்குவாதம். "மட்டன் வேணுமெண்டுறவை கையை உயர்த்துங்கோ" என்று தலைவர் சொல்லி முடிக்கவில்லை, என் கை மேலே போய்விட்டது. நான் இறைச்சி விட்டு எத்தனையோ வருடம். "அக்கா, நீங்கள் சைவமெல்லோ?" என்று பக்கத்தில் இருந்த பிள்ளை சிரித்தாள். அவளும் கை உயர்த்தியிருந்தாள். அப்போதுதான் அயன் பண்ணிய பருத்திச் சட்டை போலும், அவள் கைப்பக்கமிருந்து சூட்டு வாசம் வந்தது.

அந்த வாசம் இப்போதும் என்னைப் பயப்படுத்தும். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நான் இங்கே ஒரு சலவைச்சாலையில் வேலை செய்தேன். ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்புகளைச் சூட்டு உருளைகளுக்கு நடுவே விட்டு மடித்தெடுக்கும் வேலை. அப்போது எங்களுக்கு விசா இல்லை. சிவப்புக் கோடு குறுக்கே போட்ட ஒரு தாள் இருந்தது. 'உங்களை இன்னும் திருப்பி அனுப்பவில்லை' என்பதுதான் அதன் அர்த்தம். சில மாதங்களுக்கு ஒருமுறை நீட்டுவார்கள். திருப்பி அனுப்பும் கடிதம் தபால்பெட்டிக்கு மஞ்சள் உறையில்தான் வரும். ஒருமுறை மஞ்சள் நிறப் பீட்சா விளம்பரம் ஒன்றைக் கண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பொய்யில்லை.

உருளைக்கு முன்னால் விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவர் ஹெல்கா. அறுபதை எட்டிக்கொண்டிருந்தார். நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் பேசியது ஜெர்மன்தான்; ஆனால் இத்தனை வருடம் மனதில் கிடந்ததில் அது எனக்கு யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்த காலத்தில், ஹெல்கா அதன் மக்கள் சபையில் உறுப்பினர். முதலில் சொன்னபோது நான் நம்பவில்லை. பாராளுமன்றத்தில் இருந்தவர் என்னோடு விரிப்பு மடிப்பாரா? நம் ஊரில் அப்படி ஒருவர் மூன்று தலைமுறைக்குச் சொத்தல்லவா சேர்த்திருப்பார்! நெசவாலையில் நூல் பார்த்துக்கொண்டிருந்தவரைத் தொழிலாளி, பெண் என்று வேட்பாளர் பட்டியலில் போட்டுவிட்டார்களாம். இருந்ததே ஒரு பட்டியல்தான். சனங்கள் அதை மடித்துப் பெட்டியில் போட்டால் தேர்தல் முடிந்தது. வருடத்தில் சில நாட்கள் பெர்லினுக்குப் போவார். ஊரே விளக்குக் கடை என்று நக்கலடித்த அளவுக்கு விளக்குகள் தொங்கும் பெரிய மாளிகை. ஐந்நூறு பேர். அறிக்கை வாசிப்பார்கள், கை தூக்குவார்கள், பிறகு ஹெல்கா நெசவாலைக்குத் திரும்பிவிடுவார்.

"ஒருத்தரும் ஏலாது எண்டு சொல்லேல்லையோ அக்கா?"

"எனக்கு முந்தி, கருக்கலைப்புச் சட்டத்துக்குச் சிலபேர் எதிர்த்தவையாம். என்ர காலத்தில இல்லை. முன்னுக்கு இருக்கிறவற்ற தோளைப் பாத்துக்கொண்டிருப்பன். முதல் கைதான் பாரம். பிறகு எல்லாம் தானா எழும்பும்."

பெர்லின் சுவர் திறந்த அடுத்த சில நாட்களில் சபை கூடியதாம். நாட்டையே நடுங்க வைத்த கிழட்டு உளவுத்துறை மந்திரி ஒருவர் பேசத் தடுமாறினார். சபை சிரித்தது. "அந்த மண்டபத்தில அப்பிடிச் சிரிப்பு நான் கேட்டதே இல்லை. மற்றவைக்குச் சந்தோசம். எனக்குக் குலை நடுங்கிச்சு. இனி ஆருக்குப் பயப்பிட வேணும் எண்டு தெரியேல்லை, பார்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் பயத்தையும் அவர்தான் சரியாக விளங்கிக்கொண்டவர்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். அது அடிக்கடி நின்று வேலை தாமதமானதால், மேலாளர் கிழிந்த விரிப்புத் துண்டால் அந்தக் கம்பியை இழுத்துக் கட்டிவைத்திருந்தார். ஒரு காலை ஹெல்காவின் வலது கை விரல்கள் உள்ளே போயின. மறுபக்கம் நான் நின்றேன். நான்தான் கத்தினேன், அவர் கத்தவில்லை.

பத்து நாளில் கையில் கட்டோடு வேலைக்கு வந்தார். அன்று மேலாளர் எங்கள் பதினெட்டுப் பேரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். விபத்துக் காப்புறுதிக்காரர் விசாரிக்க வருகிறாராம். கம்பி ஒருபோதும் கட்டப்படவில்லை, காயம் ஹெல்காவின் கவனக்குறைவு என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்ல வேண்டுமாம். "ஒப்புக்கொள்ளுறவை கையைத் தூக்குங்கோ."

நீண்டகாலம் இருப்பவர்களுக்கு நிரந்தர வேலை இருந்தால் விசா கொடுக்கலாம் என்று அப்போதுதான் ஒரு வழி திறந்திருந்தது. வியாழக்கிழமை எனக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், வரச்சொல்லிக் குறித்த நாள். வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த மேலாளர். "இஞ்சேரும், அங்க ஒண்டுக்கும் வாய் திறவாதையும். பிள்ளையளை யோசியும்" என்று காலையில்தான் கணவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒருவரும் கை தூக்கவில்லை. எல்லோரும் ஹெல்காவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூக்கு, தூக்கு என்று எனக்குள்ளே ஒரு குரல், கை வரவில்லை. மேலாளரின் கண் ஒவ்வொருவராக வந்து என்னில் நின்றது.

அப்போது ஹெல்கா தன் கையைத் தூக்கினார். கட்டுப் போட்ட கையை. பிறகு பதினேழு கைகளும் எழும்பின. என்னுடையதும்தான்.

உடுப்பு மாற்றும் அறையில் அழுதேன். "ஏன் அக்கா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"அந்தச் சபையில தூக்கினதெல்லாம் எனக்காகப் பயந்து. இது உனக்காக. கண்ணைத் துடை, கடிதத்தை வாங்கு."

வாங்கினேன். விசா கிடைத்தது. ஹெல்காவுக்கு நட்டஈடு கிடைக்கவில்லை. விரல்கள் மடங்காததால் வேலையும் போய், கிழக்கே தன் ஊருக்குத் திரும்பிவிட்டார். பெர்லினில் அந்த மாளிகையைத் துண்டு துண்டாகக் கழற்றுவதை அந்த வருடங்களில் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் அவரை நினைப்பேன், பிறகு வேறு சானல் மாற்றுவேன்.

ஜெர்மன் கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. உண்மையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அங்கே போனேன். சலவைச்சாலை மூடி, உருளைகளைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் கார்கள் நின்றன. எசனிலேயே இருந்த ஹெல்காவின் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அம்மா போன மாசியில செத்துப்போனா. என்ன விசயம்?"

அவருடைய கையைப் பற்றி, என்று இழுத்தேன்.

"கையோ? வீட்டில சுடுதண்ணி ஊத்துப்பட்டது எண்டுதானே அம்மா சொன்னவ?"

எழுதிய தாள் என் முன்னால் மேசையில் இருந்தது. எனக்குப் பயப்பட ஒரு காரணமும் மிச்சமில்லை.

"ஓம்," என்றேன். "சுடுதண்ணிதான்."