இரண்டு பேரிங்கும் ஒரு குடம் தண்ணீரும்

எங்கள் ஆயில் என்ஜின் நின்றுபோனதற்கு என் காதுதான் காரணம் என்று ஒன்பது வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். வானம் கறுத்தால் இடி விழும் என்று பயம். வெளுத்தால் மழை வராது என்று பயம். அந்த வருஷம்தான் நாலாவதோடு என் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். வாய்ப்பாட்டுக்குப் பயந்த நேரமெல்லாம் மிச்சமாகி வேறு பயங்களுக்குப் போயிற்று.

காது விஷயம் இதுதான். எனக்கு ஐந்து வயதில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமா அம்மாவுக்கு அண்ணன். திண்டிவனத்தில் ஒரு லாரி ஷெட்டில் மெக்கானிக். சீர்த்தட்டோடு அவர் ஏறி வந்த லாரி பாதி வழியில் நின்றுவிட்டது. ஊர் லாரியெல்லாம் ஓட வைக்கிறவருக்கு அன்றைக்கு அந்த லாரி மட்டும் மசியவில்லை. நல்ல நேரம் போகிறது, போகிறது என்று பறந்த அப்பா, தன் பங்காளி ஒருவரை உட்காரச் சொல்லி அவர் மடியில் என்னை வைத்துக் குத்த வைத்துவிட்டார். மாமா வந்து சேர்ந்தபோது என் காதில் ரத்தம் காய்ந்திருந்தது. தட்டை வாசலில் வைத்தார். என் தலையைத் தடவினார். பந்தியில் உட்காராமல் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு நாலு வருஷம் அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்ளவில்லை; எங்கள் என்ஜினை மாமா வந்து பார்ப்பதும் நின்றுபோனது. அம்மா அழுவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

விக்கிரவாண்டிக்கு மேற்கே வயலும் கிணறுமாக எங்கள் கொல்லை, வீடும் கொல்லையிலேயே. கிணற்றங்கரையில் ஓலைக் கொட்டாய், அதற்குள் என்ஜின். மாசி மாசம், நெல் பால் பிடிக்கிற நேரம், என்ஜின் இரண்டு நாள் கடகடவென்று அரைத்துவிட்டு ஒரு காலையில் நின்றேபோனது. கிராங்க் என்கிற கனத்த இரும்புத் தண்டு இரண்டு முனையிலும் பேரிங் மேல் உட்கார்ந்துதான் சுற்றும். உள்ளே குண்டுகள் உருளும் வளையம் அது. அந்தக் குண்டுகள் உடைந்திருந்தன. ஒரு வாரத்துக்குள் தண்ணீர் பாயாவிட்டால் கதிரெல்லாம் பதர்.

அப்பா விழுப்புரம் போய் இரண்டு பேரிங் வாங்கி வந்தார். கடையில் அந்த அளவில் இரண்டே இரண்டுதான் இருந்தன. மெக்கானிக்குகளோ, வருவதற்குப் பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மத்தியானம் அம்மா என்னை உட்கார வைத்து ஒரு கார்டு எழுதச் சொன்னாள்.

"அண்ணா, என்ஜின் நின்னுபோச்சி, பயிரு காயுதுன்னு எழுது. நான் நல்லா இருக்கறேன்னு எழுது."

"அப்பா நல்லா இருக்காருன்னு எழுதட்டா?"

"அதெல்லாம் வேணாம். கையெழுத்து மட்டும் நல்லா போடு."

இரண்டாம் நாள் மாமா, தோளில் சாமான் பையும் கையில் சோற்றுத் தூக்குமாக வரப்பில் நடந்து வந்தார். எங்கள் வீட்டில் சாப்பிடுவதாக இல்லை என்பது அந்தத் தூக்கிலேயே தெரிந்தது. கொட்டாய் வாசலில் நின்றிருந்த அப்பா அவரைப் பார்த்தார். கொஞ்சம் ஒதுங்கி நின்றார். வரவேற்பு அவ்வளவுதான்.

வேலை தொடங்கியதும் எனக்கும் ஒரு வேலை வந்தது. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி, அதற்குள் நான்.

"பாப்பா, வீல அந்தாண்ட புடிக்கச் சொல்லு."

"அப்பா, வீல அந்தாண்ட புடிக்கச் சொல்றாரு மாமா."

"எந்தாண்டன்னு கேளு."

"எந்தாண்டன்னு கேக்குறாரு மாமா."

"கண்ணு தெரியற ஆண்டன்னு சொல்லு."

அதை நான் "சோத்துக்கை பக்கம்" என்று மாற்றிச் சொன்னேன். "திண்டிவனத்துக்காரருக்கு வாயி மட்டும் ரொம்ப நீளம்னு சொல்லு" என்றார் அப்பா. அதைச் சொல்லாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

வீலைக் கழற்றி, பக்கத்து மூடியைத் திறந்து, கிராங்கை வெளியே தூக்கிச் சாக்கின் மேல் கிடத்தினார்கள். மாமா மூன்று கால் புல்லரைப் பழைய பேரிங்குக்குப் பின்னால் மாட்டி நடுத் திருகை முறுக்கினார். கடைவாய்ப் பல் பிடுங்குகிற மாதிரி கறக்கென்று ஒன்று கழன்று வந்தது. இன்னொன்று மத்தியானம் வரை அடம்பிடித்தது. பிறகு தண்டைச் சீமெண்ணெயில் துடைத்து, கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்து, பிசிறு தட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார்.

புதுப் பேரிங் அப்படியே போகாது. சூடான எண்ணெயில் போட்டால் வளையம் மயிரிழை அளவு விரியும்; அந்தச் சூட்டோடு தண்டில் இறக்கிவிட வேண்டும். ஆறினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். அண்டை அயலார் கேட்டாலும் கொடுக்காத தன் வடைச்சட்டியை அம்மா தானாகவே எடுத்து வந்தாள். கொட்டாய் முன்னால் மூன்று கல் வைத்து மூட்டினாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெயை ஊற்றினாள்.

"வட சுடற காய்ச்சல் வேணாம் தங்கச்சி. அவ்ளோ காஞ்சா பேரிங் வீணாப்பூடும்" என்றார் மாமா.

"எண்ணெய் காயறத எனக்கே சொல்லிக் குடுக்கறியாண்ணா?"

பேரிங் அடியில் படாமல் கம்பியில் தொங்கியது. அம்மா பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பில் விரலை நனைத்து ஒரு சொட்டுத் தெளித்தாள். எண்ணெய் லேசாக முணுமுணுத்தது. "எடுத்துக்கோ" என்றாள்.

அப்பா கிராங்கை நிமிர்த்தி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாமா துணியால் பேரிங்கைப் பிடித்துத் தண்டின் தலையில் வைத்தார்.

"சாஞ்சிருக்குது பாப்பா, இப்பிடி நிமித்தச் சொல்லு, ஜல்தி!"

"அப்பா, மாமா உங்கள..."

அவ்வளவுதான். பேரிங் கோணலாகப் பாதியில் கவ்விக்கொண்டது. ஒரு மூச்சு இழுக்கும் நேரம்கூட இல்லை. என் வாய்க்குள்ளேயே அது ஆறிப்போனது.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இது கெட்டுச்சின்னா மெட்ராசுக்குத்தான் போவணும்" என்று மாமா தரையைப் பார்த்துச் சொன்னார். அப்பா திரும்பி வயலைப் பார்த்தார். காலையில் பச்சையாக இருந்த தாளெல்லாம் நுனியில் சுருண்டிருந்தது. மறுபடி புல்லரை மாட்டி, மெதுவாக, கையோடு மனசையும் வைத்து, மாமா அதைக் கழற்றினார். காதோரம் வைத்துச் சுற்றிக் கேட்டார். நெடுநேரம் கேட்டார்.

"பொழச்சிக்கிச்சி" என்றார், யாருக்கும் சொல்லாமல். "இன்னொரு வாட்டி தாங்காது."

அம்மா மறுபடி பேரிங்கை எண்ணெயில் தொங்கவிட்டாள். இந்தத் தடவை எப்படிச் சொல்வது என்று நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'அப்பா' என்று கூப்பிடாமல் நேராக 'நிமித்து' என்றே சொல்லிவிட வேண்டும். 'மாமா' என்பதையும் விட்டுவிட வேண்டும். அம்மா செம்பில் விரலை நனைத்துத் தெளித்தாள். எண்ணெய் முணுமுணுத்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏ பொண்ணு, ஓடிப்போயி ஒரு கொடம் தண்ணி சேந்திக்கினு வா."

"இப்பவா? நான் போயிட்டா அப்பாவுக்கு யாரும்மா சொல்றது?"

"போடின்னா போ. ஜல்தி!"

கொட்டாய்க்குப் பின்னாலிருந்த கிணற்றுக்கு அழுதுகொண்டே ஓடினேன். குடத்தை இறக்கி இழுக்கும்போது ஓலைக்கு அந்தப்புறம் சத்தமே இல்லை. பிறகு மாமாவின் கத்தல்.

"நேரா புடி மச்சான்!"

"நேராத்தான புடிச்சிக்கினு இருக்கறேன், நீ ஒழுங்கா எறக்கு!"

"இந்தாண்ட சாயி... இன்னும்... உட்றாத, உட்றாத!"

"கை வெந்துபூடும் மச்சான், கைய எடு!"

"என் கை கெடக்குது, நீ புடி!"

டக் என்று ஒரு சின்னச் சத்தம்.

அடித்துக்கொள்கிறார்கள் என்றே நினைத்தேன். குடத்தை இடுப்பில் வைத்து, பாதி பாவாடையில் கொட்டியபடி ஓடினேன். பேரிங் தண்டின் தோள் வரை இறங்கி அழகாக உட்கார்ந்திருந்தது. அப்பா மாமாவின் விரல்களைத் தன் கையில் பிடித்து, குழந்தைக்கு ஊதுவது போல ஊதிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பேரிங்குக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. "நான் இன்னா சொல்லணும் மாமா?" என்று நானே போய்க் கேட்டேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உங்கப்பன் கத்தறது போதும்" என்று மாமா சிரித்தார். வேலை முடிந்து எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு சாக்கில் உட்கார்ந்ததும், "வா, இப்பிடிக் குந்து" என்று என்னை மடியில் இழுத்துக்கொண்டார். மடியில் உட்காருகிற வயசெல்லாம் எனக்குத் தாண்டிப் போயிருந்தது. அவர் என் தோட்டை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். அப்பா அந்தப் பக்கம் திரும்பி, துடைத்து வைத்த ஸ்பானரையே திரும்பவும் துடைத்தார்.

பொழுது சாய்வதற்குள் என்ஜின் ஓடி, வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மாமாவின் தூக்கைத் திறந்து சாப்பிட்டது அப்பா. எங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டது மாமா.

எல்லாம் நல்லபடியாக முடிந்தும் அன்று ராத்திரி எனக்கு ஒரு கவலை பாக்கி இருந்தது. கை எரிய நான் சேந்திக் கொண்டுவந்த தண்ணீரை வாங்கிய அம்மா, அதை ஒன்றுக்கும் பயன்படுத்தவில்லை. அடுப்பருகே அவளுடைய செம்பு முக்கால்வாசி நிறைந்தே இருந்தது. அப்பாவையும் மாமாவையும் விட்டுக் கண்ணை எடுக்காமலேயே, என் குடத்தைச் சாய்த்துப் பூசணிக்கொடியில் ஊற்றிவிட்டாள். பயிர் காய்கிற நேரத்தில் இப்படி வீண் பண்ணுகிறாளே, அந்தத் தண்ணீரை நெல்லுக்காவது ஊற்றியிருக்கக் கூடாதா என்று நினைத்து நினைத்து, நெடுநேரம் எனக்குத் தூக்கமே வரவில்லை.