முந்தானை சிக்கிய மோட்டார்

எங்கள் இடைநிலைப் பள்ளிக்குச் சாலைப் பாதுகாப்பு பற்றிச் சொல்லித்தர பொம்பா எனும் தீயணைப்புப் படை வீரர்கள் தங்கள் வண்டியோடு வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு மோட்டார் சைக்கிளின் செயினில் துப்பட்டாவைச் சிக்கவைத்துக் காட்டினார். துணி மாட்டினால் இழுக்கக் கூடாது, முதலில் இன்ஜினை நிறுத்த வேண்டும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆயர் குரோவில் உறவினர் வீட்டுக் கல்யாணம். அண்ணனின் மோட்டாரில் நான் இருபக்கமும் கால் போட்டு உட்காரப் போனதும் அம்மா தடுத்தார்.

"சேலை கட்டிக்கிட்டு அப்படி உக்காந்தா பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க? ஒருபக்கமா உக்காரு லா. ஹெல்மெட்டும் வேணாம், பூ நசுங்கிடும்."

புக்கிட் பெருவாங் தாண்டியதும் முந்தானை செயினில் மாட்டி என்னைப் பின்னால் இழுத்தது.

"இன்ஜின நிறுத்துண்ணா" என்று கத்தினேன். அண்ணன் உடனே நிறுத்தினான். முந்தானை பாதி கிழிந்தது, நான் விழவில்லை.

அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்கும் பஞ்சாபி உடைதான், ஹெல்மெட்தான், இருபக்கமும் கால் போட்டுத்தான். பூவும் துப்பட்டாவும் பையில் வரும்.

போன வாரம் மண்டப வாசலில் பெரியம்மா கேட்டார்: "ஆம்பள மாதிரி வந்து எறங்குறியே, வெக்கமா இல்ல?"

ஹெல்மெட்டைக் கழற்றினேன். பூவை அவர் கையில் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றேன்.

"உயிரோட வந்திருக்கேன், பெரியம்மா. வச்சி விடுங்க."