சாணி மெழுகிய ஓடுபாதை

நான் பார்த்த வேலைகளிலேயே பெரிய வேலை விமான நிலையத்துக் காவல். அதற்கு முன்னால் பழனி லாட்ஜ் ஒன்றில் படுக்கை விரித்தேன், பஞ்சாமிர்த டப்பாவுக்கு மூடி போட்டேன், ஒட்டன்சத்திரத்துத் தக்காளி லாரியில் கூடைகளுக்கு மேல் படுத்து மூன்று மாநிலம் பார்த்தேன். எதிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. திண்டுக்கல்லில் ஏழாம் வகுப்பையே பாதியில் விட்டவன், மற்றதை மட்டும் முடித்துவிடுவேனா?

விமான நிலையம் கீரனூருக்கும் தொப்பம்பட்டிக்கும் நடுவே மானாவாரிக் காடுகளுக்குள் கிடந்தது. சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரன் கப்பிக்கல்லும் சிமென்ட்டும் கொட்டி நீளமாக ஒரு பாதை போட்டானாம். பாதை காய்வதற்குள் சண்டை முடிந்துவிட்டது. அப்புறம் அங்கே ஒரே ஒரு விமானம் இறங்கியது என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து கிடையாது. எதற்கு இறங்கியது என்பதில்தான் தகராறு. கோயம்புத்தூருக்கு வழி கேட்க என்றது ஒரு கட்சி. ஓட்டி வந்தவருக்கு வயிறு சரியில்லை, சோளக்காட்டுக்குள் போய்வந்து மறுபடி ஏறிக்கொண்டார் என்றது இன்னொரு கட்சி.

பிறகு பாதை களமாகிவிட்டது. மக்காச்சோளமும் கம்பும் கடலையும் அவரவர் கட்டத்தில் காயும். தேர்தல் வந்தால், பழனிக்கு வருகிற பக்தர்கள் இனி வானத்தில் வந்து இறங்குவார்கள் என்று மைக்கில் சொல்வார்கள். ஜனங்கள் கை தட்டிவிட்டுச் சோளத்தைக் கிளறப் போவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருமுறை அந்தப் பேச்சு நிஜமாகவே ஜீப்பில் வந்தது. ஓர் இன்ஜினியரும் நான்கைந்து ஆட்களும். நான் அங்கே டீக்கடைக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தேன். காவலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நான் குடத்தைக் கீழே வைத்தேன். ஒரு விசில், ஒரு பச்சைக்கொடி, ஒரு சிவப்புக்கொடி கொடுத்தார்கள். காற்றடிக்கிற திசையைக் காட்ட ஒரு கம்பத்தில் நீளத் துணிப்பை மாட்டினார்கள். மறுநாளிலிருந்து அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் கம்பு தூற்றினார்கள். அரசாங்கம் ஊருக்குச் செய்த உருப்படியான காரியம் என்று அந்தப் பைக்கு நல்ல பேர்.

புறப்படும்போது இன்ஜினியர் என்னிடம் சொன்னார்: "பூசத்துக்கு மூணு நாள் முன்னாடி ஒரு சின்ன விமானம் வந்து இறங்கிப் பார்க்கும். சரியா இறங்கிட்டா நிலையத்துக்கு ஆர்டர். உனக்கும் நிரந்தர வேலைக்கு எழுதிடறேன். பாதை மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கணும்."

நிரந்தரம் என்கிற வார்த்தையை அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. ஒரு பெட்டி வாங்கலாம், அதற்குள் வைக்க இரண்டாவது சட்டை வாங்கலாம் என்றெல்லாம் யோசனை ஓடியது.

களத்தின் முதல் கட்டம் ஓர் அக்காவுடையது. தனியாளாக நான்கு ஏக்கர் பார்த்தவர்; அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். "அக்கா, பிளேன் வருது. எல்லாத்தையும் அள்ளணும்" என்றேன்.

"அள்ளிரலாங் தம்பி. வந்து எறங்கறது ஆருங்க?"

"பெரிய அதிகாரிக."

"விருந்தாளி வாரப்ப களத்த இப்பிடியேவா போடறது? வெடிப்பெல்லாம் பல்ல இளிக்குது. சாணி போட்டு வழிச்சு உட்டரலாமுங்களா?"

புதுத் தானியம் இறங்குகிற களத்தை மெழுகுவது அந்தப் பக்கத்து வழக்கம். வெடிப்பு மூடும், புழுதி கிளம்பாது. கண்ணாடி மாதிரி என்று இன்ஜினியர் சொன்னதற்கு எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தமும் மெழுகிய தரைதான். "போடுங்கக்கா, நல்லாப் போடுங்க" என்றேன்.

ஜீப்பில் வந்த ஆட்கள் பாதையின் இரு ஓரத்திலும் சுண்ணாம்பில் வெள்ளைக்கோடு கிழித்து, முனைகளில் ஆள் உயரத்துக்கு எண் எழுதியிருந்தார்கள். அக்கா அதைக் காட்டி, "இதும் மேலயே பூசிரலாமுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டார்தான். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கோடு போடுவார்களே, அதுபோல என்று நினைத்தேன். "அது அவங்க அளந்த கோடு. வேலை முடிஞ்சுபோச்சு" என்றேன், படித்தவன் மாதிரி.

இரண்டு நாளில் நான்கு ஊர்த் தொழுவம் காலி. டிராக்டரில் கரைத்து வந்து ஊற்ற ஊற்ற, பெண்கள் விளக்குமாற்றால் இழுத்துக்கொண்டே போனார்கள். நானும் முழங்கை வரை இறங்கினேன். கடைசியில் ஒரு பெண், முனையில் பெரிதாகக் கோலம் போடலாம் என்றாள். "சக்கரம் ஏறி அழிஞ்சு போயிருமுல்ல" என்று அக்கா தடுத்துவிட்டார். அந்தக் கோலத்தைப் போட விட்டிருந்தால் நான் நிரந்தரமாகியிருப்பேன்.

குறித்த காலையில் விமானம் வந்தது. ஊரே ஓரத்தில் நின்றது. இன்ஜினியரைத்தான் காணோம். பழனி ரோடு முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். அவருடைய ஜீப்பும் காவடிகளுக்குப் பின்னால் யாத்திரை வந்துகொண்டிருந்தது. விமானம் ஒரு சுற்றுச் சுற்றியது. பச்சைக்கொடியை ஆட்டினேன். இரண்டாவது சுற்று. விசில் அடித்தேன். அறுவடை முடிந்த காடெல்லாம் ஒரே பழுப்பு. காய்ந்த சாணியில் பாதையும் அதே பழுப்பு.

"என்னப்பா, வெக்கப்படுதா?" என்றார் ஒருவர்.

"பொறுங்க. வழி கேக்க எறங்கும்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

மூன்றாவது சுற்றில் தாழ வந்து, தள்ளியிருந்த வண்டித்தடத்தை நோட்டம் விட்டு, மேற்கே போய்விட்டது.

செத்த நேரத்தில் ஜீப் வந்தது. இன்ஜினியர் இறங்கி அந்த முனை வரை பார்த்தார்.

"கோடு எங்கய்யா?"

"கீழ இருக்கு சார்."

"எதுக்குக் கீழ?"

அக்கா முன்னால் வந்தார். "நாங்கதானுங்க சாணி போட்டோம். இந்தத் தம்பி வேண்டாம் வேண்டாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டாருங்க."

இன்ஜினியர் என் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை பச்சை இன்னும் போகவில்லை. "கையை உள்ள விட்டுக்கிட்டேதான் வேண்டாம்னு சொன்னியா?"

"நான்தான் சார் போடச் சொன்னேன். கண்ணாடி மாதிரின்னீங்க."

அவர் குனிந்து தரையைத் தடவினார். "மெழுகினது என்னமோ நல்லாத்தான் மெழுகியிருக்கீங்க" என்றார்.

மேலிருந்து பார்த்ததில் ஓடுபாதை எதுவும் காணப்படவில்லை என்று எழுதிப்போனதாகக் கேள்வி. இன்ஜினியரிடம் என் வேலையைப் பற்றிக் கேட்டேன். "உன்னை எடுக்கவும் ஆர்டர் இல்ல, நிறுத்தவும் ஆர்டர் இல்ல. வர்ற வரைக்கும் இரு" என்றார்.

இருந்தேன். ஆடு மாடு களத்தில் வாய் வைக்காமல் விசில் அடித்தேன். கட்டத்துக்கு ஒரு படி என்று ஜனங்கள் தானியம் கொடுத்தார்கள். இரண்டு வெள்ளாமைக்குப் பின் கால் நிற்கவில்லை. விசிலை மடியில் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, பழனிக்கு வந்தவன் சும்மா அந்தப் பக்கம் போனேன். களத்தில் மக்காச்சோளம் காய்ந்தது. கம்பம் இருந்தது, பையின் இடத்தில் யாருடைய உரச்சாக்கோ ஆடியது. ஒரு ஜீப்பும் நின்றது. முக்காலியில் கருவி வைத்துப் பாதையை அளந்துகொண்டிருந்தார்கள். புது அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் தலை நரைத்த அக்கா சொன்னார்: "இவருதானுங்க இங்க வாட்ச்மேன். இன்னும் ஆர்டர் வரலீங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அக்கா என் பக்கம் சாய்ந்து, "தம்பி, இந்த வாட்டி சாணி போடலாமுங்களா, வேண்டாமுங்களா?" என்றார்.

"மொதல்ல கோடு போடட்டும்க்கா. அப்புறம் கேட்டுச் சொல்றேன்."

மூன்று மணி பஸ்ஸில் திரும்ப வேண்டியவன். போகவில்லை.