மூச்சு முட்டாத வேடம்

பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் ஆவடியில், ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ஒன்றாம் வகுப்பு படித்த என் மகளுக்கு இழுப்பு. தூசி, புகை, நெடி எது பட்டாலும் நெஞ்சு விசிலடிக்கும். விளையாட்டு விழா, சுற்றுலா எதிலும் பள்ளியில் அவளைச் சேர்க்க மாட்டார்கள். அந்த வருடம் மாறுவேடப் போட்டிக்கு அவளே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

ராணுவ வீரர் வேடம் என்றால் கவலை இல்லை. பருத்திச் சட்டையோடு முடிந்துவிடும். ஆனால் முந்தின வருடம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அத்தனை பேரும் ராணுவ வீரர்களாகவே வந்து மேடையை அடைத்ததில், இனி அந்த வேடமே கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

போட்டிக்கு முந்தின நாள் கணவர் பூந்தமல்லியில் வாடகைக்கு ஒரு கரடி வேடம் எடுத்துவந்து கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார். பையைப் பிரித்ததுமே அந்துருண்டை நெடி. நான் தடுப்பதற்குள் மகள் கரடித் தலையை மாட்டிக்கொண்டு உறுமினாள். இரண்டாவது உறுமல் வரவில்லை. உள்ளே இழுப்புச் சத்தம்தான் கேட்டது. தலையைப் பிடுங்கி எறிந்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. மாத்திரை கொடுத்து, ஜன்னலோரம் உட்கார வைத்து முதுகைத் தடவினேன். மூச்சு திரும்பியதும் அவள் சொன்னது, "நாளைக்கு நான் போவேம்மா."

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "பஞ்சுல தாடி ஒட்டி விடு, சாமியாராயிடுவா."

"பஞ்சு மூக்குல போயிடும்க்கா."

"அப்ப மூஞ்சிக்கு வெள்ளி பெயின்ட் அடி. எம்பையன் ரெண்டு வருசம் முன்னாடி அப்படித்தான் சிலையா நின்னான்."

"கழுவினா போகுமா?"

"மண்ணெண்ணெயில துடைச்சாப் போயிடும்டி!"

பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு துணியாக முகர்ந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் அவளைக் கொல்வதற்கு ஏதோ இருப்பதாகவே பட்டது. காலையில் எழுப்பாமலே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

சாயங்காலப் பாலோடு, பக்கத்துச் சேக்காட்டிலிருந்து வரும் பால்காரர் வந்தார். "இன்னாமா, கண்ணெல்லாம் செவந்துகீது?"

மகள் முந்திக்கொண்டாள். "மாமா, எனக்கு வேஷமே இல்ல."

"என்னாண்ட மட்டும் வேஷம் கீதா? டெய்லி இதே லுங்கிதான்."

அவரைப் பார்த்தேன். வெளுத்த லுங்கி, தோளில் துண்டு, கையில் கேன். மூச்சை அடைக்கிற மாதிரி எதுவும் இல்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன், "உங்க சின்ன கேனை நாளைக்குத் தருவீங்களா? இவ பால்காரரா போகட்டும்."

"நானா வேஷம்? அய்ய, பொம்பளப் புள்ள மீசைக்கு இன்னா பண்ணும்?" சிரித்துக்கொண்டே கேனை நீட்டினார். "தண்ணி கலந்துகினு போவாத கண்ணு, என் பேரு கெட்டுப்பூடும்."

மறுநாள் மேடையேறி, "பாலு!" என்று ஒரு முறை கூவிவிட்டு இறங்கினாள். பரிசு வேறொரு பிள்ளைக்குப் போனது. அன்று இரவும் அவளுக்கு இழுப்பு வரவில்லை.